பத்தில் ஆயில்யம், பதினொன்றில் மகம்

எங்கள் வீட்டுக் கணினியைத் தெருவில் 'சாதகப் பெட்டி' என்பார்கள். எனக்குச் சோதிடம் தெரியாது. இதை நான் சொல்லாத ஆள் கிடையாது, நம்பின ஆளும் கிடையாது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் கட்டம் போட்டு, நட்சத்திரம், ராசி, திசை எல்லாம் எழுதிக் கொடுக்கும் ஒரு பழைய மென்பொருள் அதில் இருந்தது. தட்டச்சு செய்வேன், அச்செடுப்பேன், தாளின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் கொடுப்பேன். என் சொந்தப் பங்கு என்று பார்த்தால் அந்த மஞ்சள்தான்.

மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல் கணினி வாங்கினோம். அதோடு சும்மா கொடுத்த குறுந்தகடுகளில் ஒன்று அந்தச் சாதக மென்பொருள். மகனுக்குக் கணினி மேல் இருந்த ஆசை இரண்டு வருடத்தில் வடிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் பிடித்துக்கொண்டது. எந்த விசையை அமுக்கினால் என்ன ஆகும் என்று அமுக்கி அமுக்கியே படித்தேன். ஒரு தடவை எல்லா எழுத்தும் தலைகீழாகத் தெரிந்தது. மூன்று நாள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வேலை பார்த்தேனே தவிர யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கணினி மாறியாயிற்று. ஒவ்வொரு தடவையும் சாதக மென்பொருளையும், அதில் நான் ஏற்றி வைத்திருந்த நானூற்றுச் சொச்சம் பேரையும் பத்திரமாக இடம் மாற்றிக் கொடுத்தவர், திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் கடை வைத்திருக்கும் கணினி மெக்கானிக். ஐம்பதை நெருங்குகிறவர், என்னை அக்கா என்பார். அவர் வாயிலிருந்து வருகிற பேச்சுக்காகவே கணினி இன்னும் கொஞ்சம் அடிக்கடி கெட்டுப்போகலாமே என்று நான் நினைத்ததுண்டு.

போன வருடம் திரையில் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்தது. விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடியப் போகிறது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. நான் பால்காரருக்குத் தலையாட்டுகிற மாதிரி அதற்கும் தலையாட்டிவிட்டு மூடிவிடுவேன். மருமகளால் அப்படி மூட முடியவில்லை. அவள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளின் மதிப்பெண்களை இந்தக் கணினியிலிருந்துதான் பள்ளிக்கூடத்தின் தளத்தில் ஏற்றுகிறாள். மகன் ஓசூரில் வேலையில் இருப்பதால் வீட்டின் வங்கி வேலையும் அவள் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை அவளே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது பென்சன் வாங்குத ஆளு. இன்னும் டூட்டிக்கு அனுப்பிக்கிட்டு இருக்கிய."

"ஓடுதுல்லா தம்பி?"

"ஓடுது. பூட்டும் இருக்கு, சாவியும் இருக்கு. ஆனா இனிமே பூட்டு கெட்டுச்சுன்னா சரி பண்ண ஆளு வர மாட்டான். அதான் விசயம்."

மாற்றிவிட வேண்டியதுதானே என்றால், அதில் ஒரு சிக்கல் இருந்தது. பத்தில் முப்பத்திரண்டு பிட் என்று ஒரு சின்ன வகை உண்டாம். என் சாதக மென்பொருள் ரொம்பப் பழையது, அந்த வகையில் மட்டும்தான் ஓடும். அதற்காகவே ஏழு வருடம் முன்பு அவர் அந்தச் சின்ன வகையைப் போட்டுக் கொடுத்திருந்தார். பதினொன்றில் அந்த வகையே கிடையாது. அதனால் உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத்தான் போட வேண்டும், போட்ட பிறகு பழைய மென்பொருள் எழுந்திருக்காது. இல்லையென்றால் இணையத்தைப் பிடுங்கிவிட்டு, சாதகத்துக்கு மட்டும் இதை இப்படியே வைத்துக்கொண்டு, மருமகளுக்கு வேறொன்று வாங்க வேண்டும். இதையெல்லாம் அவர் விரல் விட்டுச் சொல்லி முடித்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் யோசிக்கிறேன் என்று சொன்னால் அது எத்தனை மாதம் என்று ஒன்பது வருடத்தில் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த வாரம்தான் முக்கூடலிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினார். அவர் மகளுக்கு நான் எட்டு வருடம் முன்பு சாதகம் போட்டுக் கொடுத்திருந்தேன். அது நகல் எடுத்து எடுத்து, மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டதாம். புதிதாக ஒன்று அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். நாங்குநேரியில் ஒரு வீட்டில் புகைப்படம் பார்த்துப் பிடித்துப்போய், வியாழக்கிழமைக்குள் சாதகம் கேட்டிருக்கிறார்கள். புதன்கிழமை வேலை முடிந்ததும் மகள் வந்து வாங்கிக்கொள்வாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்து மூன்று வயது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மாமியார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்று வாய் கூசாமல் யோசனை சொல்வார்கள். இந்த எட்டு வருடத்தில் பதினொரு வீட்டுக்கு அவள் சாதகம் போயிருக்கிறது. பதினொரு வீடும் பெண்ணைப் பார்க்க வராமலே, பொருத்தம் இல்லை என்று திருப்பிச் சொல்லியிருக்கின்றன. அந்தந்த வீட்டுச் சோதிடருக்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல நான் யார் என்று இருந்துவிட்டேன். தாளைப் போட்டுக் கொடுத்தது நான் என்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை பிற்பகல் மெக்கானிக் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பதினொன்று இருந்தது. புதிய சாதக மென்பொருள் ஒன்றையும் ஏற்றியிருந்தார். நான் முடிவு சொல்லாமல் இழுத்தடிப்பேன் என்று மருமகள் அவரிடம் சொல்லி, கண்ணால் பார்த்தால் மனசு மாறும் என்று அவளே ஏற்பாடு செய்தது அது. பழையது சொன்னதையே புதியதும் சொல்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். கையில் இருந்தது முக்கூடல் பெண்ணின் விவரம், அதையே கொடுத்தேன்.

ராசி சிம்மம், நட்சத்திரம் மகம், முதல் பாதம் என்று வந்தது.

நேரத்தைத் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். மகம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தட்டினேன். மகம்தான். மகத்துப் பெண்ணை வேண்டாம் என்று ஒதுக்குகிற வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

"என்ன தம்பி, மெசின மாத்துனா நச்சத்திரம் மாறுமா?"

"நான் டிஸ்க்க மாத்துவேன், ரேம்ம மாத்துவேன். நச்சத்திரத்துல கை வச்சதில்லக்கா."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மருமகள் இதைக் கேட்டுவிட்டு, தன்னுடையதையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் பூசம். என் மகனுக்கும் அவளுக்கும் நான்தான் பொருத்தம் பார்த்தேன், பத்துக்கு எட்டு. போட்டோம். ஆயில்யம், முதல் பாதம் என்று வந்தது.

மருமகள் சொன்னாள்: "அப்ப ஒன்பது வருசமா ஒங்களக் கொல்லாம விட்டு வச்சிருக்கேன் அத்தை. இதுக்கே எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கணும்."

மெக்கானிக், இது குடும்பப் பேச்சு, நமக்கெதற்கு என்கிற மாதிரி, மடிக்கணினியின் வயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மருமகள்தான். புதிய மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வட்டம் இருந்தது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வாக்கியம் என்பது முன்னோர் எழுதி வைத்த வாய்பாட்டின்படி பார்க்கிற பழைய கணக்கு. எங்கள் ஊரில் பெரும்பாலும் அதுதான். திருக்கணிதம் வானத்தை அளந்து திருத்திய கணக்கு. இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். ஒரு நட்சத்திரம் முடிகிற நேரத்தில் பிறந்தவர்கள் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்வார்கள். புதியது தானாகவே திருக்கணிதத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மருமகள் வட்டத்தை மாற்றியதும் அவள் பூசத்துக்குத் திரும்பினாள், முக்கூடல் பெண் ஆயில்யத்துக்குத் திரும்பினாள்.

அப்படியென்றால் பழையது வாக்கியம் என்று எங்கேயாவது சொல்லியிருக்க வேண்டுமே என்று, ஒரு தாளை அச்செடுத்து மஞ்சள் தடவாமல் பார்த்தோம். சொல்லித்தான் இருந்தது. கீழே வலது மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், 'வாக்கிய முறை' என்று. சரியாக அந்த மூலையில்தான் இத்தனை வருடமும் நான் கட்டைவிரலால் மஞ்சளைத் தேய்த்து வந்திருக்கிறேன். நானூறு தாளிலும் அந்த இரண்டு சொல் மஞ்சளுக்கு அடியில். வெளியே தெரிந்திருந்தால் பதினொரு வீட்டில் ஒரு வீடாவது, மற்றக் கணக்கில் எப்படி வருகிறது என்று கேட்டிருக்குமா? கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்பதற்கு வழி இருந்திருக்கும்.

மெக்கானிக் கிளம்பும்போது, சனிக்கிழமை வரட்டுமா என்றார். வாருங்கள், ஆனால் அழிப்பதை நான் சொன்ன பிறகு செய்யலாம் என்றேன்.

ஆறரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். வேலை முடிந்த களைப்பு முகத்தில் இருந்தது. மருமகள் காப்பி கொடுத்தாள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், மஞ்சள் உட்பட. மெக்கானிக் போவதற்கு முன் புதியதில் அச்செடுத்து வைத்திருந்த தாளையும் பழையதன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் மகம் என்று இருந்த தாளைக் கையில் எடுத்து, பரிசோதனை அறிக்கையைப் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தாள்.

"இதுல எது நெசம் பெரியம்மா?"

"எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சவ மாதிரி எட்டு வருசம் இருந்துட்டேன்."

"ரத்தம் எடுக்கப் போற எடத்துல ஒருத்தரும் என் நச்சத்திரத்தக் கேட்டதில்ல," என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மகம் என்ற தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்த் தாள் இல்லை, ஒரு கணக்குப்படி சரியான தாள். ஆனால் அவளே அதைத் தள்ளி வைத்துவிட்டாள். நாங்குநேரிக்காரர்கள் பிறந்த நேரத்தைத் தங்கள் சோதிடரிடம் கொடுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள், அவர் வாக்கியக்காரராகத்தான் இருப்பார், ஆயில்யம் என்பார், பிறகு நட்சத்திரத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகிவிடும் என்றாள்.

"ரெண்டையும் குடுங்க. மஞ்சள் தடவாண்டாம். நீங்களும் அம்மாகூடப் போய் அவியட்ட நேர்ல சொல்லணும். இத மட்டும் எனக்குச் செய்ங்க."

அவள் கேட்டது அவ்வளவுதான். எட்டு வருடம் முன்பே நான் செய்திருக்க வேண்டியதைக் கேட்ட மாதிரி இருந்தது. வருகிறேன் என்றேன்.

மறுநாள் அவள் அம்மாவும் நானும் பேருந்தில் நாங்குநேரி போனோம். அந்த அம்மாள் வழி முழுக்க, ஒரே தாளாகக் கொடுத்துவிடலாமே, மகம் என்றே இருக்கட்டுமே என்று பைய என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் மகள்தான் இரண்டும் வேண்டும் என்றாள் என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் வயசுதான் இருப்பார். மோர் கொடுத்தார். இரண்டு தாளைப் பார்த்ததும், எதற்கு இரண்டு என்று கேட்டார். நான் சொன்னேன். எங்கள் ஊர்க் கணக்கில் ஆயில்யம், மற்றக் கணக்கில் மகம் என்றேன். முகம் சட்டென்று மாறியதை நான் பார்த்தேன். ஆயில்யம் என்ற சொல்லுக்குப் பிறகு வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. அதனால் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். இதே மற்றக் கணக்கில் என் மருமகள் ஆயில்யம் என்றும், அது எங்களுக்கு நேற்றுத்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மருமவ ஒங்ககூடயா இருக்கா மயினி?"

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒன்பது வருசம்."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"சுகர் இருக்கு. அது அவ வாரதுக்கு முன்னாலயே வந்துட்டு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் முந்தானையை நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமில்லன்னு சொன்னா அது பொய்யி," என்றார். "ஆனா மத்தவிய மாதிரி மறைக்காம கொண்டாந்திய. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பொண்ணப் பாக்க வாரோம். பெறவு பேசிக்கிடுவோம்."

திரும்பி வரும்போது பேருந்தில் அந்த அம்மாள் அழுதார். சந்தோஷத்தில்தான் என்று அவரே சொன்னார். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, கணினியில் இருந்த பெயர்களைக் கையால் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பழைய மென்பொருளிலிருந்து எதையும் வெளியே எடுக்க வழியில்லை என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். பெயர், தேதி, நேரம், ஊர். வியாழன் இரவு சாப்பாட்டுக்கு முன்பு மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எழுதுங்கள், நான் வாசிக்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமையும் எழுதினோம். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்கள், இறந்துபோனவர் இரண்டு பேர், இன்னும் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள். காத்திருக்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிக்காரர்களுக்கெல்லாம் இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்த்து, வித்தியாசம் வந்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையைப் பழையதால் செய்ய முடியாது. அதற்கு ஒரு கணக்குதான் தெரியும். பதினொன்றுக்கு மாறுவது என்று நான் முடிவு செய்தது, திரையில் வந்த அறிவிப்புக்குப் பயந்து இல்லை, இதற்காகத்தான்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்து கணினியைத் திறந்து தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது முக்கூடல் பெண் வந்தாள். முந்தின நாள் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாராம். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லையாம்.

"அப்பொறம் என்ன? முடிச்சிருவோம்," என்றேன்.

"இல்ல பெரியம்மா. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மெக்கானிக்கின் கையில் இருந்த தூரிகை நின்றது.

மாப்பிள்ளை நல்ல மாதிரிதான் என்றாள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம், அங்கே இங்கே ரத்தம் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று சொன்னாராம். வேலையை விட முடியாது என்று இவள் சொன்னாளாம். அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். இவள் யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அம்மா நேற்று ராத்திரியிலிருந்து பேசவில்லையாம்.

எட்டு வருடம், பதினொரு வீடு, நாங்குநேரிக்குப் போய் வந்தது எல்லாம் மனசுக்குள் ஓடியது. கோபமும் கொஞ்சம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் என்னப் பாக்காமலே வேண்டாம்னு சொன்னாவ. நான் பாத்துட்டுச் சொல்லியிருக்கேன் பெரியம்மா. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டாள். இல்லை என்றாள். தோசை ஊற்றினாள். அவள் மூன்று தோசை சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த வீட்டுக்கும் இரண்டு தாளாகவே கொடுக்க வேண்டும், வேலையை விட மாட்டாள் என்பதையும் அடியில் ஒரு வரி எழுதிவிட முடியுமா என்று கேட்டாள். பழையதில் அப்படி எழுத இடம் கிடையாது. புதியதில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருப்பதாக மெக்கானிக் சொன்னார்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். நோட்டில் எல்லாப் பெயரும் ஏறிவிட்டதா என்று கேட்டார். ஏறிவிட்டது என்றேன்.

"அழிச்சிரட்டுமாக்கா?"

"அழிங்க தம்பி," என்றேன்.